பீடத்துக்குப் பின்னே ஒரு மாடம்

லிஸ்பன் விமான நிலையத்தில் என் பையைத் திறந்த சுங்க அதிகாரி, எதையும் கேட்பதற்கு முன்னால் குனிந்து முகர்ந்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். உள்ளே இருந்தவை போடிநாயக்கனூர் ஏலக்காய் மாதிரிகள். பருமன் வாரியாகப் பிரித்துச் சீட்டு ஒட்டிய பொட்டலங்கள். "சென்ட் செய்வதற்கா?" என்றார் ஆங்கிலத்தில். "சமையலுக்கு" என்றேன். நம்பாத முகத்தோடு பையை மூடிக் கொடுத்தார். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அந்த வாசனையை மூக்கு கவனிப்பதே இல்லை. அங்கே நின்றபோதுதான், பையின் ஜிப்பை இழுத்ததும் யாரோ ஊரையே மூடிவிட்டதுபோல் இருந்தது.

வந்த வேலை, ஓர் உணவுப் பொருள் கண்காட்சி. நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையின் முதலாளிக்கு முட்டி வலி. "நீதான் படிச்சவன், இங்கிலீசு பேசுவ, போயிட்டு வா. அங்கிட்டு மாதா கோயிலு கண்டா எனக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்திரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். விமானம் ஏறிய முதல் ஆள் நான் இல்லை. அது அக்காவின் வீட்டுக்காரர், ராசாங்கம் மச்சான்.

மச்சான் ஜீப்பு ஓட்டியவர். விடிகாலையில் போடியில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். அக்கா முத்துப்பேச்சியும் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி. அவர்கள் இரண்டு பேரும் மலைக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இதை நான் எங்கே எழுதினாலும் எழுதாமல் விடமாட்டேன்.

தோட்ட ஜீப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. ஏலக்காய், செடியின் தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்ப்பது. காய் எடுப்பவர்கள் ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்த செடிகளுக்கு அடியில் நாள் முழுக்கக் குனிந்தே கிடப்பார்கள். பத்தடி தள்ளி இருப்பவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அதனால் சாயங்காலம் வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர் ஒவ்வொருத்தி பெயரையும் உரக்கக் கூப்பிட வேண்டும். அவரவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். உட்காரும் வரிசையில்தான் பெயர் வரும். வீட்டில் "ஏய்", "இந்தா" என்று கூப்பிடும் மனைவியைக்கூட மச்சான் அங்கே முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அக்கா பின்கதவு ஓரம், கடைசி ஆள். தன் பெயர் வரும் அந்த ஒரு நொடியில் அவள் முகம் மாறுவதைப் பள்ளி விடுமுறையில் அந்த ஜீப்பில் போன நான் பார்த்திருக்கிறேன். "புருசன் பேரச் சொல்லிட்டாரு, காது குளுந்துச்சாடி?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான காமுத்தாய் அக்காவைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு ஜீப்பு இறங்கிவிட்டது. அவர் குறுக்குப் பாதையில் பின்னாலேயே ஓடிவந்து, சறுக்கி, ஓடைப் பள்ளத்தில் விழுந்தார். மறுநாள் காலையில்தான் தூக்கிவந்தார்கள். உயிர் இருந்தது. இடுப்பு போய்விட்டது. "மழைன்னு அவசரத்துல பேரு கூப்புடாம எடுத்துட்டேன்" என்றார் மச்சான். கேட்டவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார். ஜீப்பில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. ஏதோ ஒரு ஏஜெண்டைப் பிடித்து, போர்ச்சுகலில் ஒலிவத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

மகள் கயலோடு தினமும் போனில் பேசுவார். அக்காவோடு இரண்டு வார்த்தை. காமுத்தாய் என்ற பெயர் வந்தால் போனை வைத்துவிடுவார். காகிதம் சரியில்லை, வந்தால் திரும்பிப் போகமுடியாது என்று மூன்று வருடம் சொன்னார். போன பங்குனியில் அவருக்குக் குடியிருப்பு அட்டை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் வரவில்லை.

நான் கிளம்பியபோது அக்கா பருப்புப்பொடியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "இளைச்சிட்டாரான்னு மட்டும் பாத்துட்டு வா" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். கேட்காதது என்ன என்று எனக்குத் தெரியும்.

காமுத்தாய் அக்கா இப்போது எங்கள் கடையில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார். நான் போர்ச்சுகல் போகிறேன் என்றதும் என் போனைப் பிடுங்கிக்கொண்டார். "பேசுனா பதியுற பொத்தான் எது? காட்டிக் குடுத்துட்டு வெளிய போ. நீ கேக்கக் கூடாது. அவன் முன்னாடி வச்சுத்தான் அமுக்கணும். சத்தியம் பண்ணு." பண்ணினேன். போனுக்குள் மூன்று நிமிடச் சொச்சம் குரல் கிடந்தது. கண்ணாடிச் சாமானை எடுத்துப்போகிறவன் போல அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

கண்காட்சியில் எங்கள் மேசைக்கு வந்தவர்கள் காயை வாயில் போட்டுக் கடித்து, இருமி, விலாச அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் தோலை நகத்தால் கீறி, உள்ளே விதை கறுத்திருக்கிறதா என்று பார்த்தார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. சாப்பாட்டுக்கு உப்புக் கருவாட்டை ஊறவைத்து, உருளைக்கிழங்கோடு அவித்து, மேலே எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். கருவாட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற தைரியத்தில் வாயில் வைத்தேன். காரமும் இல்லை, புளியும் இல்லை. நல்ல மனிதர்தான், ஆனால் வாயே திறக்காத விருந்தாளி போல இருந்தது.

சனிக்கிழமை மதியம் தெற்கே போகும் பஸ்சில் ஏறினேன். வெளியே சிவந்த மண், ஒலிவ மரங்கள். எங்கள் பகுதியில் தேவாரம் ஊர்ப்பக்கத்துக் காடுகளை நினைவுபடுத்தியது, ஆனால் அடிவானத்தில் மலை இல்லை. மேற்கே பார்த்தால் மலை நிற்கும் ஊரில் பிறந்தவனுக்கு, நான்கு பக்கமும் வானம் தரையில் முட்டுவதைப் பார்த்தால் சுவரில்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. எங்கே சாய்வது என்று தெரியவில்லை.

வழியில் ஒரு காப்பிக் கடையில் பஸ் நின்றது. ஓட்டுநர் பத்து விரலைக் காட்டினார். நான் கழிப்பறை வரிசையில் நின்றுவிட்டு வந்து ஒரு காப்பி வாங்கினேன். இங்கே காப்பி இரண்டு வாய்தான். அதைக்கூட ஆற்றிக் குடிக்கும் பழக்கம் என்னைக் கெடுத்தது. வெளியே வந்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். நம் ஊராக இருந்தால் கடைசி சீட்டில் யாராவது "ஆள் வருது, ஆள் வருது" என்று தகரத்தைத் தட்டியிருப்பார்கள்.

மச்சானுக்குப் போன் செய்தேன். "அங்கேயே இரு. அசையாத" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

கடைக்கார அம்மா என்னை உட்காரவைத்து ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தார். பூண்டும் கொத்தமல்லியும் தட்டிப்போட்ட சுடுதண்ணீர், அதில் ஊறிய ரொட்டி, மேலே ஒரு முட்டை. முதல் வாயிலேயே பிடிபட்டது. ரசம். புளியை மறந்துபோய் வைத்த ரசம். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அந்த அம்மா கல்லாவில் நின்ற கிழவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது: "பஸ்சை விட்டவன் மாதிரி இல்லையே, பஸ்சே வேண்டாம் என்கிறவன் மாதிரி சாப்பிடுகிறான்."

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு வெள்ளை வேன் வந்தது. ஓட்டியது வேறு ஆள். நிற்பதற்கு முன்பே பக்கத்து சீட்டிலிருந்து குதித்து ஓடிவந்தவர் மச்சான். முன்தலை நரைத்திருந்தது. இளைக்கவில்லை. கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வண்டிக்காரன் எண்ணிப் பாக்கலையா? ஆள எண்ணாமலா எடுத்தான்?"

"என் தப்புதான் மச்சான், காப்பி குடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

"ஒன் தப்பு இல்ல. எண்ணணும். எடுக்குற முன்னாடி எண்ணணும்."

நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறோம், நாங்கள் பேசிய முதல் பேச்சு இது.

வேனை ஓட்டியவர் ஷாகிர். வங்கதேசத்தில் தேயிலைத் தோட்டங்கள் உள்ள பக்கத்துக்காரர், மச்சானோடு ஒரே வீட்டில் தங்கி வேலை செய்கிறவர். கொஞ்சம் ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் கலந்து பேசுவார். கடைக்கார அம்மா சொன்னதை எனக்கு மொழிபெயர்த்துச் சிரித்தது அவர்தான்.

வீட்டில் மச்சான் மத்தி மீன் வாங்கிப் புளிக்குழம்பு வைத்தார். சாப்பிடும்போது வேலையைப் பற்றிச் சொன்னார். "இங்க குனியவே வேண்டாம் மாப்ளே. மெசினு மரத்தோட இடுப்பப் புடிச்சு ஒலுக்குது. காயெல்லாம் மழை கணக்கா வலையில கொட்டுது. மிச்சமே வைக்கிறதில்ல. நம்ம ஊர்ல வெளஞ்சத எடுத்துட்டுப் பிஞ்ச விட்டுட்டு வருவம்ல, நாப்பது நாள் கழிச்சு அதே செடிக்குத் திரும்பப் போவம்ல. இங்க அதெல்லாம் கெடையாது. ஒரே தடவதான்."

நான் கொண்டுபோன ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டி விரலால் தள்ளிப் பார்த்தார். ஒரு காய்கூட வெடித்தது இல்லை, ஒரு காய்கூட வெளுத்தது இல்லை. "சுத்தமாப் பிரிச்சிருக்காங்க. யாரு பிரிச்சது?"

சொல்ல வாயெடுத்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அணைத்த அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார். போன் என் சட்டைப் பையில் கனத்தது.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் மசூதிக்குப் போவோம்" என்றார் ஷாகிர்.

"இங்கே மசூதி இருக்கிறதா?"

"இருந்தது. இப்போது அவர்களுடைய சர்ச். வாராவாரம் தவறாமல் வருகிறவன் நானும் இல்லை, அவர்களும் இல்லை. உன் மச்சான்தான்."

மறுநாள் காலை ஷாகிர் அழைத்துப்போன மெர்த்தோலா, ஆற்றங்கரை மேட்டில் இருக்கும் வெள்ளை ஊர். உச்சியில் கோட்டை, அதற்குக் கீழே கோயில், அதற்குக் கீழே படிப்படியாக வீடுகள். ஆறு எங்கள் ஊர்க் கொட்டகுடி ஆற்றைவிட அகலம், ஆனால் சத்தமே இல்லை. நம் ஆறு குரங்கணியிலிருந்து இறங்கும்போது பாறைக்குப் பாறை பேசிக்கொண்டே வரும். இது எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல நின்றது.

கோயிலுக்கு உயர்ந்த கோபுரம் கிடையாது. சுண்ணாம்பு அடித்த கனத்த சுவர், மேலே கூம்பு கூம்பாக வரிசை. வாசலில் ஒரு அம்மா கம்பளி பின்னிக்கொண்டிருந்தார், கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். மச்சானைக் கண்டதும் ஊசியை நிறுத்தாமல் தலையை ஆட்டினார். மச்சான் செருப்பைக் கழற்றினார். இங்கே யாரும் கழற்றுவதில்லை, அந்த அம்மாவும் எதுவும் சொல்லவில்லை.

நம் ஊர் மாதா கோயில்கள் நீளமானவை. வாசலில் நின்றால் கண் நேரே பீடத்துக்கு ஓடும். இது சதுரமாக இருந்தது. வெள்ளைத் தூண்கள் எல்லாப் பக்கமும் நின்று, மேலே கிளை கிளையாகப் பிரிந்து கூரையைத் தாங்கின. எங்கே நின்றாலும் நடுவில் நிற்பதுபோலவும் இருந்தது, ஓரத்தில் நிற்பதுபோலவும் இருந்தது. ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களுக்கு அடியில் நின்றால் அப்படித்தான் இருக்கும். எந்தப் பக்கம் பாதை என்று தெரியாது, ஆனால் பயமாகவும் இருக்காது.

பக்கச் சுவர்களில் குதிரை லாடம் போல வளைந்த வாசல்கள். பீடத்துக்குப் பின்னால், சுவருக்குள் ஒரு மாடம். விளக்கு வைக்கிற மாடம் போலத்தான், ஆனால் ஆள் நிற்கும் உயரம். அதன் மேலே சுதையில் செய்த வளைவுகள், பாதி உதிர்ந்து போனவை. மசூதியாக இருந்த காலத்தில் தொழுகை நடத்துகிறவர் அதன் முன் நிற்பார். மக்கா இருக்கும் பக்கத்தை அந்த மாடம் காட்டும். ஊர் கைமாறி மசூதி கோயிலானபோது அதை இடிக்காமல் மூடி மட்டும் வைத்தார்களாம். தலைமுறை தலைமுறையாக அதை மறைத்துக்கொண்டு பூசை நடந்திருக்கிறது. பிறகு ஒருநாள் பழுது பார்க்கும்போது அது வெளியே வந்தது. யாரும் திரும்ப மூடவில்லை. இதையெல்லாம் வாசல் அம்மா சொல்ல, ஷாகிர் எனக்குச் சொன்னார்.

"நான் இங்கே தொழமாட்டேன். அவர்கள் கோயில் இது" என்றார் ஷாகிர். "சும்மா உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போவேன். மாதாவைப் பார்க்கிறவர்களும் அதே பக்கம்தான் பார்க்கிறார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை."

முதலாளிக்காக மெழுகுதிரி ஒன்றை ஏற்றினேன். வாசல் அம்மா என்னைப் பார்த்து மச்சானைக் கையால் காட்டி, நீளமாக ஏதோ சொன்னார். ஷாகிர் புன்னகையோடு சொன்னார்: "உங்கள் ஆள் நல்ல பக்திமான் என்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த மாடத்தின் எதிரே நின்று புனிதர்களின் பெயர் வரிசையைச் சொல்வாராம். உங்கள் ஊரில் எந்தப் புனிதர்கள் என்று கேட்கிறார்."

மச்சான் முன்வரிசை பெஞ்சைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றேன். அவர் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஒச்சம்மா." ஒரு மூச்சு இடைவெளி. "பஞ்சவர்ணம்." இடைவெளி. "அங்கம்மா. இருளாயி. மூக்கம்மா."

ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, ஒருவர் பதில் சொல்லும் நேரம் அளவுக்கு நிறுத்தினார். ஜீப்பின் உட்காரும் வரிசை அது. விரல் விட்டு எண்ணினேன். பதினோராவது, "காமுத்தாய்." அங்கே நின்றுவிட்டார். பன்னிரண்டாவது பெயர் வரவில்லை. கடைசியில், பின்கதவு ஓரத்தில் உட்காரும் என் அக்காவின் பெயரை அவர் சொல்லவே இல்லை.

திரும்பியவர் என்னைப் பார்த்தார். வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "சாகிரு சொன்னான், அவங்க பாக்குற பக்கம் கெழக்குன்னு. கெழக்குன்னா நம்ம ஊரும் அங்கிட்டுத்தான மாப்ளே. அதான் வர்றது."

இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தது. போனை எடுத்தேன். "மச்சான், காமுத்தாய் அக்கா ஒங்ககிட்டப் பேசணும்னு பதிஞ்சு குடுத்திருக்கு. நானும் இன்னும் கேக்கல."

அவர் வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை நான் அவரை எதிர்த்து ஒன்றும் செய்தது கிடையாது. "அதுக்கு இடுப்பு போச்சு. வாயி போகல மச்சான். கேளுங்க" என்றேன்.

தூண் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஷாகிர் எழுந்து வெளியே போனார். சத்தத்தைக் குறைத்து, பொத்தானை அமுக்கினேன். முதலில் காயைச் சல்லடையில் சலிக்கும் சத்தம். பிறகு அந்தக் குரல்.

"ராசாங்கம், காமுத்தா பேசுறேன். நடுவுல நிப்பாட்டுனேன்னு வையி, ஏரோப்ளேனு ஏறி வந்து ஊனுகம்பால அடிப்பேன். அன்னைக்கு நீ பேரு கூப்புட்ட. கூப்புடலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீல்ல, பொய்யி. என் காதுல விழுந்துச்சு. சாக்க மறந்துட்டு வந்து, அத எடுக்க ஓடைக்கு அங்கிட்டுப் போயிருந்தேன். 'காமுத்தா'ன்ன. 'இந்தா வர்றேன்'னு கத்துனேன். மழையில ஒனக்கு எட்டல. 'இருக்கா, வண்டிய எடுங்க'ன்னு உம் பொண்டாட்டி சொன்னா. அதும் எனக்குக் கேட்டுச்சு."

மச்சான் முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எந்நேரமும் மூலையில முக்காடு போட்டுத் தூங்குறவ. தார்ப்பாயிக்குள்ள மூட்டையப் பாத்து நாந்தான்னு நெனச்சிருப்பா. வேணும்னா சொன்னா? அத நீ ஒன் தலையில போட்டுக்கிட்ட. வண்டில இருந்தவளுகளும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு ஒரே வாயாச் சொன்னாளுக. நாலு வருசமா உம் பொண்டாட்டி வாரத்துக்கு ரெண்டு நாளு வந்து எனக்குத் தலைக்கு ஊத்தி விடுறா. சொல்ல வாயத் தொறப்பா, மூடிக்குவா. நானும் கேக்கல. கேட்டா ஒடஞ்சு போவா. நீ அங்க ஒளிஞ்சுக்கிட்டு, அவ இங்க ஒளிஞ்சுக்கிட்டு, நடுவுல அந்தப் புள்ள கயலு. ஒடஞ்சது எனக்குத்தான்டா, நொண்டுறது நீங்க ரெண்டு பேருமா? நேத்து அவகிட்டச் சொல்லிட்டேன், எனக்குத் தெரியும்னு. இப்ப ஒன்கிட்டயும் சொல்லியாச்சு. எம் பேரக் கூப்புடு பாப்பம். இருக்கேன். நல்லா உக்காந்து உக்காந்து கொழுத்துப் போயி இருக்கேன்."

பிறகு "டேய் தம்பி, எதுடா நிப்பாட்டுற பொத்தானு" என்று ஒரு கத்தல். அதோடு முடிந்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது. அக்கா சம்பளத்தில் படித்து, அக்கா வீட்டில் சாப்பிட்டு, அவள் முகத்தை நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். கண்ணெதிரில் இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

"நெசமாவே அக்காதான் சொல்லுச்சா?" என்று கேட்டேன்.

மச்சான் மாடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ கொரலு எனக்குத் தெரியாதா? காமுத்தா கொரலு இல்லன்னும் தெரியும். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு திரும்பிப் பாக்காம எடுத்தேன். அவள விட்டுக் குடுக்கக் கூடாதுன்னுதான் கூப்புடலன்னு சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போனா, அவ முகத்தப் பாக்க முடியல. அவளாலயும் என்னப் பாக்க முடியல. பழி சொல்லாமலே பழி சொன்ன மாதிரி ஆகிப்போச்சு மாப்ளே. தூரமாப் போயிட்டா அவளுக்கு லேசாகும்னு நெனச்சேன்."

"லேசாகல மச்சான்."

அவர் மணி பார்த்தார். பதினொன்று. நம் ஊரில் மாலை நாலரை. காய் எடுப்பு முடிந்து வண்டி ஏறும் நேரம். சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. அக்கா இப்போது வேறொருவர் ஜீப்பில் போகிறாள்.

வாசலுக்கு வெளியே, வெயில் விழும் படியில் வந்து நின்றார். அந்தத் தோட்டத்தில் போன் எடுப்பது ஒரே ஒரு இடத்தில்தான், ஜீப்பு நிற்கும் மேட்டில். மூன்றாவது தடவை மணி போனது. ஒலிபெருக்கியைப் போட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டார், தன்னால் பிடிக்க முடியாது என்பதுபோல.

இதற்கு மேல் நடந்ததை அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க. நான் அழுதத மட்டும் எழுதாத" என்றாள். சரி, எழுதவில்லை.

"அலோ" என்றாள் அக்கா. பின்னால் ஒரு ஓட்டுநரின் குரல்: "வெரசா ஏறுங்கத்தா, மலைக்கு அங்கிட்டு இருட்டிக்கிட்டு வருது." யாரோ சிரித்தார்கள். ஒரு தூக்குச்சட்டி உருண்டது.

மச்சான் குனிந்து போனுக்கு அருகில் வாயை வைத்தார். வீட்டில் கூப்பிடும் குரலாக அது இல்லை. பன்னிரண்டு பேருக்கும் கேட்கும்படி மழைக்கு மேல் கூப்பிடும் குரல்.

"முத்துப்பேச்சி."

வாசல் அம்மா பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஷாகிர் படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கேன்" என்றாள் அக்கா.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு."

"கண்ணால பாத்துச் சொல்லு. ஒவ்வொரு தலையா எண்ணிச் சொல்லு."

அக்கா எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு என்று ஒவ்வொருத்தி தலையையும் தொட்டு எண்ணுவது குரலிலேயே தெரிந்தது. "ஏய், என்னத்துக்குடி ஆடு எண்ணுற மாதிரி எண்ணுற" என்றாள் ஒருத்தி. அக்கா நிறுத்தவில்லை. "பதினொண்ணு. என்னோட பன்னெண்டு."

"அப்பச் சரி. வண்டிய எடுக்கச் சொல்லு."

"சரி இல்ல" என்றாள் அக்கா. "இன்னும் ஒரு ஆளு பாக்கி."

மச்சான் செருப்பில்லாத காலோடு அந்த வெள்ளைப் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தா வர்றேன்" என்றார்.

அது அக்காவுக்குக் கேட்டது.